மழை விட்டால் பஸ் போகும்

அப்பா இறந்த செய்தியை அப்பாதான் போனில் சொன்னார்.

வீடியோவில் வந்தார். தென்காசி வீட்டின் முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு வைத்திருந்ததால் குரல் கொஞ்சம் அடைத்திருந்தது.

"ஏல நாயகம், நான் செத்துட்டேன். எப்ப வார?"

"இங்க மழை பெய்யுதுப்பா."

"மழைக்கும் உனக்கும் என்னலே?"

விளக்கிச் சொன்னேன். நான் வேலை பார்க்கும் இந்தக் குளிர்தேசத்து ஊரில் இன்று மழைத் திருவிழா. மழை பெய்கிற வரை திருவிழா நடக்கும். திருவிழா முடிகிற வரை விமான நிலையத்துக்குப் பஸ் கிடையாது. ஊரிலேயே அதிகம் ஏங்குகிற ஆள் யார் என்று பார்த்து, அவன் முகத்தை முகமூடியாகச் செய்து எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அவன் ஏங்க ஏங்க மழை பெய்யும். இந்த வருடம் என் முகம்.

"பெரிய மரியாதைதான்" என்றார் அப்பா. "உனக்காவத்தான் என்னைய எடுக்காம வச்சிருக்காவ. சட்டுனு வா."

தங்கை ஆவுடை போனை வாங்கினாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, இருட்டுததுக்குள்ள எடுத்திரணும்னு பெரியப்பா ஒத்தக்கால்ல நிக்காவ. நீதான கொள்ளி வைக்கணும்?"

"வந்துருவேன்" என்றேன். மழை வலுத்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். நான் குடியிருப்பது இரண்டாம் மாடி. இன்று இறங்க இறங்க மாடி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் என் முகத்தோடு யாராவது நின்று திருவிழா வாழ்த்துச் சொன்னார்கள். நானும் சொன்னேன். வேறு வழியில்லை.

தெருவில் மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். எங்கு பார்த்தாலும் நான். என் முகம் இவ்வளவு பாவமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆபீஸில் யாராவது சொல்லியிருக்கலாம்.

மேல்வீட்டுத் திருமதி ஹோல்ட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் பூட்ஸை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

"உங்கள் ஊரில் மழை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"வெயிலும் சேர்ந்து வரும். மலையிலிருந்து சாரலாக இறங்கும். சட்டை நனைந்த மாதிரியும் இருக்கும், நனையாத மாதிரியும் இருக்கும்."

மழை கொட்டியது. கூட்டம் கை தட்டியது.

"இன்னும் சொல்லுங்கள்."

"என் அப்பா இறந்துவிட்டார். என்னை விடுங்கள்."

மழை பேய் மாதிரி அடித்தது. குழந்தைகள் குதித்தார்கள். "அருமை" என்றாள் திருமதி ஹோல்ட். அவளை அறைய வேண்டும் போலிருந்தது. என் முகத்தை நானே எப்படி அறைவது?

பஸ் நிறுத்தத்தில் நின்றது. டிரைவர் என் வாய் வழியாக ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"மழை விட்டால் பஸ் போகும்" என்றார்.

"நான் ஊருக்குப் போக வேண்டும்."

"அதனால்தான் பெய்கிறது."

"நான் என்ன செய்ய?"

"போக வேண்டாம் என்று ஆகிவிடுங்கள். மழை நின்றுவிடும். உடனே கொண்டுபோய் விடுகிறேன்."

நியாயமாகத்தான் பட்டது. பெஞ்சில் உட்கார்ந்து ஊரை மறக்க ஆரம்பித்தேன்.

முதலில் செங்கோட்டை ரோட்டுப் பரோட்டாக் கடையை விட்டேன். சால்னா வாசனை கொஞ்சம் மல்லுக்கட்டியது. பிறகு கோயில் வாசல் காற்று. பிறகு குற்றாலம். அருவியை மறக்க நேரம் பிடித்தது, தண்ணீர் அதிகம். எங்கள் தெரு, வீட்டு வாசல், வாசலில் கிடந்த செருப்புகள். மழை மெலிந்துகொண்டே வந்தது. மேளக்காரர்கள் என்னை முறைத்தார்கள்.

பிறகு ஆவுடை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் மறந்தேன். அப்பாவை மட்டும் விட்டுவைத்தேன். போவதே அவருக்காகத்தானே.

"இன்னும் தூறுகிறது" என்றார் டிரைவர்.

"இது மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்."

"ஒரு சொட்டு விழுந்தாலும் மழைதான்."

அப்பா கூப்பிட்டார். "எங்கலே இருக்க? வெளிய பாடை கட்டுதாவ."

"பஸ்கிட்டதான் நிக்கேன். எல்லாம் முடிஞ்சது. ஒண்ணுதான் பாக்கி."

"என்னது?"

"நீங்கதாம்ப்பா."

அப்பாவுக்குப் புரிந்தது.

"அப்ப என்னையும் விட்டுரு" என்றார். "விட்டுட்டு ஓடியா. இங்க வந்து பாத்துக்கிடலாம்."

சின்ன வயதில் அவர் மொபெட்டில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார். சாரல் அடித்தால் பாலிதீன் பையை என் தலையில் கட்டிவிட்டு அவர் நனைந்துகொண்டே ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அழுகை தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே பிடியை விட்டேன்.

மழை நின்றது.

பளிச்சென்று வெயில் வந்தது. எல்லோரும் முகமூடியைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார்.

"ஏறுங்கள். எங்கே போக வேண்டும்?"

யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் போக வேண்டியதில்லை. கையில் எதற்குப் பெட்டி என்றும் தெரியவில்லை. பஸ் காலியாகப் போயிற்று.

போன் அடித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரியவர் படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு. அவருக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"மழை விட்டுட்டுதாலே?" என்று கேட்டார்.

"விட்டுவிட்டது. நீங்கள் யார்?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் எங்க வாரானாம்ப்பா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நல்லா இருக்கியாய்யா?" என்று என்னிடம் கேட்டார்.

"நன்றாக இருக்கிறேன்."

"சரி" என்றார். பிறகு தலையைத் திருப்பி, வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"எடுங்கப்பா. வர வேண்டிய ஆளெல்லாம் வந்தாச்சு."