கை இறங்காத பேட்டரி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மின்விமானம் பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். பேட்டரியின் எடை மெதுவாகத்தான் குறைகிறது, அதனால்தான் இந்தத் தாமதம் என்று முதல் வரியும் எழுதியாயிற்று. அதற்குள் செஞ்சிக் கடைவீதியில் டிராக்டர் பேட்டரி விற்கும் ரியாசுதீன் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். கட்டுரை போயிற்று.

2
முதல் தொடக்கம்: அந்திவெயிலில் ராஜகிரிக் கோட்டை பொன்னாக... (வேண்டாம். செஞ்சியில் யார் கோட்டையைப் பார்க்கிறார்கள்? வெளியூர்க்காரர்கள்தான்.)

இரண்டாவது: கல்யாணமான புதிதில் ரியாசுதீனும் மெஹபூப் பீயும் ராஜகிரி உச்சிக்கு ஏறினார்கள். கீழே தெரிந்த கூரைகளில் தங்கள் கடை எது என்று சண்டை வந்தது. அவர் ஒன்றைக் காட்டினார், அவள் வேறொன்றைக் காட்டினாள். இறங்கும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு வியாபாரம், பிள்ளை என்று மறுபடி ஏறவேயில்லை. இப்போது அவள் இல்லை. யார் சொன்னது சரி என்று அவருக்கு அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.* முழங்கால் விடமாட்டேன் என்கிறது.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

(*டிரோனில் படமெடுக்கலாமே என்கிறீர்களா? நானும் சொன்னேன். முறைத்தார்.)

3
மகள் ரூபினா பெங்களூரில் மின்விமானத்துக்குப் பேட்டரி செய்யும் குழுவில் இருக்கிறாள். ரம்ஜானுக்கு வந்தால் இதே பேச்சுதான்.

"உன் பிளேன் என்னை எப்ப மலை மேல எறக்கும்?"

"அஞ்சு வருசத்துல அத்தா."

"போன தபாவும் அதானே சொன்ன?"

"வெயிட்டு கொஞ்சம் கொஞ்சமாதான் கொறையுது. நான் இன்னா பண்றது?"

(இங்கே அறிவியல் பத்தி ஒன்று இருந்தது. அடித்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்: எண்ணெயில் ஓடும் விமானம் பறக்கப் பறக்க எண்ணெய் தீர்ந்து லேசாகும். பேட்டரி காலியானாலும் அதே கனம்.)

4
போன மாதம் ரூபினா, விமானத்துக்கென்று தன் குழு செய்த செல்களை அடுக்கி, கடை ஸ்கூட்டருக்கு ஒரு பேட்டரி அனுப்பினாள். செஞ்சியில் பேட்டரி வாங்குகிறவர் முதலில் தூக்கிப் பார்ப்பார். கனத்தில் கை இறங்கினால்தான் நல்ல சரக்கு. ரியாசுதீனும் தூக்கினார். கை இறங்கவேயில்லை. வழியில் எவனோ உள்ளே இருந்ததை உருவிவிட்டான் என்று, வந்த வேனிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ரூபினா போன் செய்தாள்.

"அத்தா, அது காலி டப்பா இல்ல. நான் செஞ்ச பேட்டரியே அதான்."

"அவ்ளோ லேசா?" அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "அப்ப என்னைத் தூக்கிடுமா?"

"ஸ்கூட்டர் ஓடும் அத்தா. பிளேனுக்கு இன்னும்..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்க மாட்டேன்.

5
பேட்டரி மறுபடி வந்தது. அவர் அதை ஸ்கூட்டரில் மாட்டவில்லை, கல்லாவின் மேல் வைத்திருக்கிறார். பக்கத்து வல்லத்திலிருந்து டிராக்டர் பேட்டரி வாங்க வந்த பச்சமுத்து அதைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா பாய், உள்ள ஒண்ணுமே இல்லியா?"

"எம் பொண்ணு செஞ்சது. இன்னும் கொஞ்சம் கொறையணும்."

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து, குறைவாகவே வையுங்கள். அவருக்கு எழுபது நெருங்குகிறது.