மாமியாருக்குப் புளிப்பு ஆகாது

கனகாவுக்கு இரண்டு மாமியார்கள். ஒருத்தி லிங்கம்மா, ஹனூரில் மூத்த மகனோடு இருக்கிறாள். இன்னொன்று கனகா மெஸ்ஸின் பின்வாசலில் நிற்கும் கறுப்பு கோபர் கேஸ் தொட்டி. அதற்கு அந்தப் பெயரைச் சூட்டியது கனகாதான். காலையில் வீட்டில் யார் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படுவதற்கு முன் அதற்குச் சோறு போட வேண்டும். போட்டது பிடிக்கவில்லையென்றால் உம்மென்று இருந்துவிடும். இதைவிடப் பொருத்தமாக வேறென்ன பெயர் வைக்க முடியும்?

புருஷன் சீனுவுக்குத்தான் இதில் மனத்தாங்கல்.

"எங்கம்மா காதுல உளுந்தா என்னாகும்னு நெனச்சுப் பாத்தியா?" என்பான்.

"உளட்டுமுங்க. அவுங்களும் வந்து இதுக்கு ஒரு கை போட்டுட்டுப் போகட்டும்."

மெஸ் இருப்பது மைசூர் மண்டி மொஹல்லாவில், இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் கௌரவத்தை விட்டுப் பின்னால் போக வேண்டிய சந்தில். மூட்டை தூக்குகிறவர்கள், பட்டறைக்காரர்கள், ஹனூர் கொள்ளேகால் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் மதியச் சோறு அங்கேதான். போன வருஷம் வரைக்கும் கனகா விறகடுப்பில்தான் சமைத்தாள். புகை முதலில் சமையலறையை நிரப்பும், பிறகு சாப்பிடுகிறவர்களை விசாரிக்கும், கடைசியில் படியேறி மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமியின் கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் புகையில் கனகாவின் நெஞ்சு பாழாய்ப் போயிற்று. நாலு படி ஏறினால் மூச்சு இழுத்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னொரு குளிர்காலம் வெறகடுப்பு முன்னால உக்காந்தீங்கன்னா, அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லம்மா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சிலிண்டர் விற்கிற விலைக்கு அதிலேயே முழுச் சமையலும் செய்தால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான். மெஸ்ஸை மூடினால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹேமந்த் வழி காட்டினான். மெஸ்ஸில் தினமும் சாப்பிடுகிற பையன், இந்த மாதிரித் தொட்டிகளைச் செய்து பொருத்துகிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை. கனகா தினமும் எச்சில் சோற்றையும் காய்த்தோலையும் வாளி வாளியாகச் சந்து முனையில் கொட்டுவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, இது குப்பைமேட்டுல அழுகினா அந்த கேஸ் வானத்துக்குப் போயி பூமிக்குக் காய்ச்சல் வரும். அதே நம்ம தொட்டிக்குள்ள அழுகினா உங்களுக்குச் சாம்பார் கொதிக்கும்."

பூமியின் காய்ச்சல் கனகாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சாம்பார் உடனே பிடிபட்டது.

நஞ்சுண்டசாமி லேசில் சம்மதிக்கவில்லை. ஓய்வு பெற்ற ஆபீஸ் ஆசாமி, தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கன்னடத்தில் பேச ஆரம்பித்து, கோபம் ஏறினால் எதிராளிக்கு நன்றாக உறைக்கட்டும் என்று தமிழுக்கு மாறுவார். கனகாவுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு என்பது அவருக்கும் தெரியும், ஆனாலும் அந்த வழக்கத்தை விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையை ஆட்டினார்: "ஒரு நாள் நாறினாலும் தொட்டி ரோட்டுக்குப் போகும்."

நாறவில்லை. மாறாக, கரி படிந்த சுவருக்குச் சீனு வெள்ளையடித்தான், அது வெள்ளையாகவே நின்றது. சந்து முனையில் நாய்களின் சண்டை ஓய்ந்தது. தொட்டியிலிருந்து வடிகிற கரைசலை நஞ்சுண்டசாமியின் மனைவி கெம்பம்மா வாளியில் வாங்கி மொட்டை மாடிச் செடிகளுக்கு ஊற்றினாள், ரோஜா கையகலத்துக்குப் பூத்தது. ஒரு நாள் கனகா அந்த ரோஜாவைப் பார்க்க மாடியேறிப் போய்விட்டு, கெம்பம்மாவோடு வாயடித்துக்கொண்டே இறங்கி வந்தாள். கீழே வந்த பிறகுதான் மூச்சு வாங்கவில்லை என்பது அவளுக்கே உறைத்தது. அன்றைக்கு எல்லோருக்கும் இலவசமாக ஒரு கரண்டி பாயசம் கிடைத்தது. காரணம் கேட்டவர்களுக்கு, "குடுத்தாக் குடிங்களேன், கேள்வி என்ன கேள்வி" என்றாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது தசரா வந்தது.

ஊருக்கெல்லாம் தசரா என்றால் யானை, அம்பாரி, அரண்மனை விளக்கு. மண்டி மொஹல்லாவுக்கு ஆயுத பூஜைதான் தசரா. தராசிலிருந்து தள்ளுவண்டி வரைக்கும் குங்குமம் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை, ஒவ்வொரு வாசலிலும் உடைத்த பூசணி. கனகாவும் தொட்டியைக் கழுவி, சந்தனம் பூசி, சாமந்தி மாலை போட்டாள். அவளுக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் காலையில் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். கால் வைக்க இடமில்லாமல் பூசணித் துண்டுகள். அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சைகள் மூலைக்கு மூலை குவிந்து கிடந்தன. மீந்துபோனதென்று மண்டிக்காரர்கள் கூடையோடு வாசலில் வைத்தது வேறு. இத்தனையும் லாரியேறிக் குப்பைமேட்டுக்குப் போவதா? கனகாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. சீனுவை எழுப்பி, அவனுடைய ஆட்டோவில் சாக்கு சாக்காக வாரி வந்து, நறுக்கி, கரைத்து, அவ்வளவையும் தொட்டிக்குள் ஊற்றினாள். "விருந்து போட்டாச்சு" என்று கையைக் கழுவினாள்.

புளிப்பு அதிகம் சேரக்கூடாது என்று ஹேமந்த் முதல் நாளே சொல்லியிருந்தான். கனகா அதை மறந்தவளும் அல்ல. புளிச் சக்கையைத் தனியே ஒதுக்குவாள், புளித்த மோரை ஒரு சொட்டு விடமாட்டாள். ஆனால் இது திருஷ்டி கழித்த எலுமிச்சை. திருஷ்டி எலுமிச்சையை யாராவது ஊறுகாய் போடுவார்களா, சாதத்தில் பிழிவார்களா? அது சாப்பாட்டுச் சாமானே இல்லை. சாப்பாட்டுச் சாமானே இல்லாத ஒன்றுக்குப் புளிப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. திருஷ்டி எலுமிச்சையை மிதித்து வளர்ந்தவர்களில் யாருக்கும் தோன்றியிருக்காது என்பதுதான் என் கட்சி.

இரண்டு நாளில் அடுப்பின் நீலம் மங்கியது. அப்புறம் பொட்டுப் பொட்டென்று இருமியது. அப்புறம் அணைந்தே போனது. தொட்டியின் மேல்மூடி, கேஸ் நிறைந்தால் மிதந்து எழும்ப வேண்டியது, இடிந்துபோய் உட்கார்ந்துகொண்டது. அதோடு ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், அழுகிய முட்டையும் புளித்த மாவும் கைகோத்துக்கொண்டு மாடிப்படி ஏறின.

நஞ்சுண்டசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏனம்மா இது வாசனெ!" என்று ஆரம்பித்தவர், உடனே தமிழுக்கு வந்துவிட்டார். "நான் என்ன சொன்னேன்? ஒரு நாள் நாறினாலும் என்ன ஆகும்னு சொன்னேன்?"

"ரோட்டுக்குப் போகும்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன் இல்ல? திங்கக்கிழமை வரைக்கும் டைம். அப்புறம் ஆள் வெச்சுத் தூக்கிடுவேன்."

அவர் போனதும் கனகா பாத்திரம் கழுவுகிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டி போனால் விறகு. விறகு வந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னது காதில் அப்படியே ஒலித்தது. பயமாக இருந்தது, நிஜமான பயம்.

சீனு வேறொரு முடிவுக்கு வந்திருந்தான். "மண்டி மொஹல்லா ஜனம் அத்தனை பேரோட திருஷ்டியையும் கொண்டாந்து ஒரே தொட்டியில கொட்டுனா அது தாங்குமா புள்ள? மொதல்ல இதுக்குச் சுத்திப் போடோணும்." சொல்லிவிட்டு அவன் தேடியது என்ன தெரியுமா? எலுமிச்சம்பழம்.

கனகா அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் உள்ளங்கையில் வைத்து அதையே வெறித்துப் பார்த்தாள். மெதுவாக அவள் முகம் மாறியது.

"ஏனுங்க, நாம அன்னிக்குப் போட்டது... எலுமிச்சம்பழந்தானுங்களே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"எலுமிச்சம்பழம் புளிக்குமுங்க!"

உலகத்தில் முதல்முதலாக இதைக் கண்டுபிடித்தவளைப் போல அவள் கத்தியதைக் கேட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜடையன் என்கிற மூட்டைக்காரர் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஹேமந்த் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தான். போனில் விஷயத்தை முழுசாகக் கேட்டான். பிறகு, "எவ்வளவு போட்டீங்க அக்கா?" என்றான்.

"சாக்குல."

"சாக்குலயா!" அவன் சிரித்து முடிக்கட்டும் என்று கனகா காத்திருந்தாள். "அக்கா, அதுக்கு வயிறு புளிச்சுப் போச்சு. நமக்கு நெஞ்செரிச்சல் வருமே, அது மாதிரி. உள்ள கேஸ் உண்டாக்கற பூச்சியெல்லாம் மயங்கிக் கெடக்கும். ரெண்டு நாள் பட்டினி போடுங்க. சுண்ணாம்புத் தண்ணி ஸ்வல்ப ஸ்வல்ப, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. அப்புறம் நல்ல புதுச் சாணி, வாளி கணக்குல வேணும். சாணிதான் முக்கியம்."

"திங்கக்கிழமைக்குள்ள சரியாயிருமா?"

"சொல்ல முடியாது அக்கா. அது மனசு வெக்கணும்."

சுண்ணாம்பு கிடைத்தது. வெற்றிலைக் கடை பசவராஜ் ஒரு சட்டி நிறையக் கொடுத்துவிட்டு, "மாமியாருக்கு வெத்தலையும் வேணுமா?" என்று கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டான். சாணிதான் கிடைக்கவில்லை. சீனு ஆட்டோவோடு தெருத் தெருவாக அலைந்தான். ரோட்டில் திரிகிற மாடுகள் போட்டதைப் பொறுக்கிச் சேர்த்ததில் அரை வாளிகூடத் தேறவில்லை. சமாளிக்க வைத்திருந்த சிலிண்டரும் தீர்ந்தது, அடுத்தது பண்டிகை நெருக்கடியில் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை கனகா பழைய விறகடுப்பை மூட்டினாள்.

ஈர விறகு. புகை பழைய வீட்டுக்குத் திரும்பியதுபோல ஒவ்வொரு மூலையிலும் புகுந்து பார்த்தது. வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடு இறங்கியது. சாம்பார் கொதிப்பதற்குள் கனகாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள், உட்கார்ந்து இருமினாள், கடைசியில் வாசலுக்கு ஓடிப்போய்க் குனிந்து நின்று இருமினாள். சீனு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவளை உள்ளே வரக்கூடாது என்றான். அவன் தாளித்த ரசத்தை அன்று சாப்பிட்டவர்கள் பெரிய மனதுக்காரர்கள்.

மாடியில் ஜன்னல் கதவுகள் படபடவென்று சாத்தும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் நஞ்சுண்டசாமியின் ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது. ஆள் பிடிக்கப் போகிறார் என்று கனகா நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வரை பொறுக்கவும் மனசில்லை போலிருக்கிறது.

மாலையில் ஸ்கூட்டர் திரும்பியது. கால் வைக்கிற இடத்தில் மூடி போட்ட இரண்டு பெயின்ட் வாளிகள், பின் சீட்டில் கயிற்றால் கட்டிய இன்னொன்று. நஞ்சுண்டசாமி இரண்டு காலையும் அகல விரித்து ஓட்டிக்கொண்டு வந்த கோலத்தைச் சந்தே வேடிக்கை பார்த்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், வயிற்றுக்கு நேரே, பச்சையாக ஒரு பெரிய தெறிப்பு.

"என்ன பாக்கறே? எறக்கு" என்றார் சீனுவிடம். "தங்கச்சி வீட்டு மாடு. பன்னூர் ரோட்டுல இருந்து வரேன். வழியில ஸ்பீடு பிரேக்கர் எத்தனை இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

கனகா வாசலுக்கு ஓடி வந்தாள். "சார், நீங்க எதுக்கு சார்..."

"புகை எங்களுக்குப் புதுசு இல்லம்மா. எத்தனை வருஷம் ஜன்னலைச் சாத்திக்கிட்டே இருந்தோம். வாடகை வாங்கறேன், வாய் தெறக்கல. ஆனா அப்போ நீ இருமறது எங்களுக்குக் கேட்டதே இல்ல. ஜன்னலைச் சாத்தினா எப்படிக் கேக்கும்?" அவர் சட்டையின் கறையைத் தட்டிவிடப் பார்த்து அதை இன்னும் அகலமாக்கினார். "இன்னிக்குச் சாத்தறதுக்கு முன்னாலயே கேட்டுது. என் மிசஸ் சோறு திங்கல. 'அந்தப் பொண்ணு செத்துப் போயிடும், நீங்க நாத்தத்தைப் பத்திப் பேசறீங்க'ன்னு என்னைத் திட்டினா. அவ சொன்னது ஞாயம்தான். அவ்வளவுதான்."

முழுசாகத் தமிழில் பேசினார், ஆனால் கோபமே இல்லை. கனகா அதைக் கவனித்தாள்.

மூன்று வாளிச் சாணியையும் கரைத்து ஊற்றினார்கள். கெம்பம்மா மாடியிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள், கரைப்பதற்கு இதம் என்று. திங்கட்கிழமை வந்தது. மூடி எழும்பவில்லை. நஞ்சுண்டசாமி காலையில் இறங்கி வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார், முகர்ந்தார், "பரவால்ல, நேத்தைக்கு இன்னிக்குக் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார். கெடு என்று ஒன்று இருந்ததை அவரும் சொல்லவில்லை, இவர்களும் ஞாபகப்படுத்தவில்லை. அந்த வாரம் முழுக்கப் பெரிய சமையலைக் கெம்பம்மா தன் அடுப்பில் பாதி, தன் சிலிண்டரைக் கீழே இறக்கிப் பாதி என்று நடத்திக்கொடுத்தாள். சீனு மட்டும் விடாமல் தினமும் தொட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் போட்ட கூச்சலில் மாடியே இறங்கி வந்துவிட்டது. மூடி ஒரு முழம் எழும்பி நின்றது. கனகா அடுப்பின் திருகைத் திறந்தாள். தீக்குச்சியை உரசிக் காட்டினாள். முதலில் புஸ்ஸென்று காற்று. பிறகு, வளையம் முழுக்க, கலப்பே இல்லாத நீலம்.

 பால் பாத்திரத்தை ஏற்றிவிட்டு கனகா திரும்பினாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் அந்த அடுப்படியில் அவள் அழுததெல்லாம் புகையின் கணக்கில் போயிருக்கிறது. ஊர்ச் செய்தி வந்து அழுததும், உடம்பு முடியாமல் அழுததும் யாருக்கும் தெரியாமல் போனது அப்படித்தான். இன்று புகை இல்லை. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அவள் அழுவது தெளிவாகத் தெரிந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே நஞ்சுண்டசாமியிடம் கேட்டாள், "காபிக்குச் சர்க்கரை எத்தனை சார்?"