பெண் வீட்டார் விசாரணை

சாலைக் கடைத்தெரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்த நயினார், அங்கிருந்து ஒரு டேபிள் ஃபேனைத் திருடியதாக வஞ்சியூர் கோர்ட்டில் ஒத்துக்கொண்டுவிட்டான். முதல் குற்றம், வயது இருபத்திரண்டு. ஜெயிலா, நன்னடத்தை பாண்ட் போதுமா என்று முடிவு செய்யுமுன் ஆளை விசாரித்து எழுதி வரச் சொன்னார் மாஜிஸ்திரேட்.

நயினார் குடியிருந்த சந்துக்கு விசாரிக்க வந்தவர் புரொபேஷன் ஆபீசர் ரத்னாபாய். கஞ்சி போட்ட சேலை, குடை, டைரி. "நயினார் எப்படிப்பட்ட பையன்? குடிப்பானா? குடும்பம் எப்படி?"

சந்துக்காரர்களுக்கு இது போதும். பெண் வீட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எந்த ஆபீஸ் என்று அவர் சொல்ல வாய் திறந்தபோது கையில் காப்பி வந்துவிட்டது.

பெயிலில் வந்து தன் வீட்டு உள்ளறையில் கிடந்த நயினாருக்கு எல்லாம் கேட்டது.

"தங்கம்லா. டீ கூடக் குடிக்க மாட்டான்."

"போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்னே தெரியாது, பாத்துக்கிடுங்க."

கேஸ் கட்டைக் கையில் வைத்திருக்கும் அம்மாவிடமா இதைச் சொல்வது? பூஜப்புரை ஜெயில் நிச்சயம் என்று நயினார் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

கடைசியாகப் பக்கத்து வீட்டு வடிவம்மாள் வந்தாள். "யம்மா, ஒரு பொம்பளப்பிள்ள வாழ்க்கை. மறைக்கப்படாது. ஃபேனைக் களவாண்டான். மூணு நாளா அத ஓட்டாம முழிச்சிட்டு இருந்தான். நாலாம் நாள் திருப்பிக் குடுக்கப் போனான், கடையில போலீஸ் நிக்கி. ஃபேனும் கையுமா பிடிச்சிட்டாங்க. புத்தி மட்டு. கள்ளம் கெடையாது."

ரத்னாபாய் அப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

கோர்ட்டில் முப்பது கேஸ் காத்திருக்க, மாஜிஸ்திரேட் அறிக்கையை இரண்டு முறை படித்தார். கடை முதலாளி ஞானசிகாமணியைக் கூப்பிட்டார்.

"பிடிக்கும்போது இவன் வெளியே போனானா, உள்ளே வந்தானா?"

"உள்ளதான் வந்தான், சாரே. இன்னொண்ணு எடுக்க வாரான்னு நெனச்சேன்."

"கையில் ஒன்றை வைத்துக்கொண்டா?"

ஞானசிகாமணி யோசித்தார். இதுவரை யோசிக்கவில்லை போல.

மாஜிஸ்திரேட் நயினாரிடம் திரும்பினார். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"களவாண்டியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். வேற ஒண்ணும் கேக்கல, சாரே."

"எட்டுப் பேர் இவனை உத்தமன் என்கிறார்கள். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு அம்மா களவாண்டான் என்கிறார். அவரை நம்புகிறேன்." ஓராண்டு நன்னடத்தை பாண்ட், மாதம் ஒருமுறை ரத்னாபாய் முன் ஆஜர், ஜெயில் இல்லை. குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

நயினார் கூண்டிலேயே நின்றான். அந்த மனுஷன் முகத்தைவிட்டுக் கண் எடுக்க முடியவில்லை. அடுத்த கேஸ்காரன் ஏறி வந்து முதுகைத் தட்டினான்.

"எறங்குடே. இனி என் எடம்."