சிட்டின் கழுத்துக்கு நீலம்

அப்பாவின் உடலில் வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே அம்மா கேட்டாள்.

"அந்தச் சிப்பி எங்கடி?"

பார்பரா மடியைக் கைகளால் மூடிக்கொண்டாள். அப்பா சாயம் குழைக்கிற சிப்பி அங்கேதான் இருந்தது. அதன் குழியில் நகமளவு நீலம் காய்ந்து கிடந்தது. கொள்ளைநோய் வந்ததிலிருந்து மலைப்பக்கத்தில் சாயப்பூ பறிக்கிறவர்கள் ஒருவரும் வரவில்லை. த்லாதெலோல்கோ ஊர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இனி இவ்வளவுதான்.

"அவர் கையில வைக்கணும். நெய்யிறவளுக்குத் தறிக்கோல வைக்கிறோம். உங்கப்பாவுக்குச் சிப்பி. வெறுங்கையோட போனா அங்க யாரு அவரை ஓவியர்னு நம்புவாங்க?"

ஊர் வழக்கம் அதுதான். ஆனால் நேற்று மூக்கில் ரத்தம் வழிய அப்பா கேட்டது வேறு. கடல் கடந்து ராஜாவுக்கு அனுப்புவதற்காக மடத்துப் பள்ளியில் பாதிரியார் எழுதிவந்த பெரிய புத்தகத்துக்கு, இந்த மண்ணின் தெய்வங்கள், திருவிழாக்கள், செடி, பாம்பு, பறவை என்று வருஷக்கணக்காகப் படம் போட்டவர் அப்பா மெல்சோர். பூவில் தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டு மட்டும் நிறம் தீட்டாமல் கறுப்புக் கோட்டோடு நின்றுவிட்டது.

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராஜா நம்ம சிட்டு கறுப்புன்னு நினைச்சுக்குவாரு, பார்பரா. மானமே போயிடும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

அப்பாவோடு படம் போடுகிற அன்தோன் சித்தப்பா உள்ளே வந்தார். தன் மேல்துணிக்குள்ளிருந்து சிட்டு வரைந்த தாளை எடுத்தார்.

"மதியம் கோவேறு கழுதைங்க புத்தகத்த ஏத்திக்கிட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்புது. அதுக்குள்ள தாளை அதுல திருப்பி வச்சாகணும்."

"பாதிரியாருக்குத் தெரியுமா, சித்தப்பா?"

"கறுப்பாவே போகட்டும்னுட்டாரு. அவருக்கு எழுத்து போதும். நமக்குப் போதுமா?"

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "அந்த நீலத்தத் தொடாதீங்க. ராஜா பாக்குறதுக்காக இவர் அநாதையாப் போகணுமா?"

"அண்ணி, ஒரு தடவை பாருங்க. அப்புறம் நீங்க சொல்றதுதான்."

பள்ளிக்குள் பெண்களை விடமாட்டார்கள். கணவன் இத்தனை காலம் என்ன வரைந்தான் என்று அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கள்ளிப்பூவில் அலகை நுழைத்தபடி சிட்டு நின்றது. அவள் பார்வை சிட்டில் நிற்கவில்லை. கள்ளியின் அடிக்குப் போயிற்று.

"இது நம்ம கொல்லைக் கள்ளி இல்ல?"

"ஆமா, அண்ணி."

"நான் போட்டு உடைச்ச பானை. அதையும் விடலியே இந்த மனுஷன்."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அவள் தோள் குலுங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை மகளிடம் நீட்டினாள்.

"அவருக்கு நீதானே சாயம் அரைச்சுக் குடுப்ப. நீயே போடு. கோட்ட விட்டு வெளிய போச்சு, கைய ஒடிச்சிடுவேன்."

பார்பரா பசைநீரில் நீலத்தைக் கரைத்தாள். தூரிகை நுனியால் கோட்டை ஒட்டியே தீட்டினாள். கழுத்து நிறைந்தது, இறகின் ஓரம் நிறைந்தது. கறுப்புப் பறவை கண் முன்னாலேயே உயிர்பெற்றதைப் பார்த்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை. எத்தனை ராஜாக்களிடம் இருக்கும் இப்படியொரு பறவை? நீலம் உலர்ந்ததும் சித்தப்பா தாளோடு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சிப்பியின் அடியில் ஈரம் மட்டும் மிச்சமிருந்தது. அம்மா அதை வாங்கி, அப்பாவின் வலதுகை விரல்களை ஒவ்வொன்றாக அதில் தோய்த்தாள். நகக்கண்கள்வரை தேய்த்துவிட்டாள்.

"இப்ப நம்புவாங்க" என்றாள்.

அடக்கத்துக்கு மந்திரிக்க வந்த பாதிரியார், கைகளைக் கூப்பி வைக்கப்போனவர், விரல்களைப் பார்த்து முகம் சுளித்தார். துணியை நனைத்துத் துடைக்கக் குனிந்தார்.

"அது அழுக்கு இல்ல, சாமி" என்றாள் அம்மா.

பாதிரியார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே கால்வாய்ப் பாலத்தின் மேல் கழுதைகளின் மணிச்சத்தம் போய்க்கொண்டிருந்தது.