விட்டுப்போன மூன்று பெயர்கள்

அண்ணனின் சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள் ரமணி. மூன்றாவது சட்டையில் சங்க அலுவலகத்தின் சாவி கிடைத்தது.

முன்கூடத்தில் அய்யாவுவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். வயது நாற்பத்திரண்டு.

"எங்க கிளம்பிட்ட?" சித்தப்பா ரெங்கசாமி அறை வாசலை மறித்து நின்றார்.

"பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் சித்தப்பா. ஒரு மணிக்குள்ள வந்துருவேன்."

"அண்ணன நடுவீட்டுல போட்டுட்டு ஆபீசுக்கா? மூணு மணிக்கு எடுக்கணும்லா. வந்தவங்க என்ன பேசுவாங்க?"

ரமணி சாவியைக் கைப்பையில் போட்டாள். காலையில் முதல் ஆளாக வந்தவர் மேரு ஊர்ப்பக்கத்துத் தோட்டத் தொழிலாளி சின்னையா. அறுபது வயது. மாலையை வைத்துவிட்டு வெளியே வந்தவர், அவளிடம் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கேட்க வந்தது பெயர்ப் பட்டியலைப் பற்றி என்று அவளுக்குத் தெரியும்.

இந்த நாட்டிலேயே பிறந்தும், குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி அடையாள அட்டையோடு இருக்கும் தோட்டத்து ஜனங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். எங்கே பிறந்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தார்கள், சாட்சி யார் என்று சங்கத்துக்காக இரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் எழுதி வந்தவர் அய்யாவு. கம்ப்யூட்டரில் தட்டிப் பதிந்தவள் அவர் மனைவி சந்திரகலா. போன மாதம் வந்த வெள்ளத்தில் ஃபாரங்களெல்லாம் கூழாகிப்போயின. மிஞ்சியது பதிவுகள் இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டர் டேப். அதுவும் நனைந்த டேப். நாளைக் காலை ஷா ஆலம் அரசாங்க அலுவலகத்தில் பட்டியலைக் கொடுக்க வேண்டும். டேப்பைப் படிக்க இரவல் வாங்கிய இயந்திரத்தை எடுத்துப்போக இன்று பன்னிரண்டு மணிக்கு லோரி வந்துவிடும்.

"அவ போகட்டும் மாமா," என்றாள் சந்திரகலா. கணவனின் தலைமாட்டில் இருந்து அவள் எழவில்லை. குரலும் உயரவில்லை. "நான் போக முடியாது. அவளாவது போகட்டும்."

ரெங்கசாமி வழிவிட்டார்.

ஒன்பது மணிக்கு ரமணி அலுவலகக் கதவைத் திறந்தாள். ஈரக் காகித நாற்றம் இன்னும் போகவில்லை. மேசையில் அண்ணனின் நோட்டு விரித்தபடி கிடந்தது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி: "ரெண்டாவது தடம் ஏன் விடுது? ரமணிகிட்ட கேக்கணும்."

வியாழக்கிழமை அவர் போன் செய்திருந்தார். பெட்டாலிங் ஜெயாவில், கம்ப்யூட்டர் டிஸ்க் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை அவளுக்கு. அன்று ஓவர்டைம். "ஞாயித்துக்கெழமை வரேன்ணே," என்று சொல்லியிருந்தாள்.

நோட்டைத் தள்ளி வைத்தாள். உட்கார்ந்தாள்.

அந்த டேப்பில் ஒன்பது தடங்கள் பக்கம் பக்கமாக ஓடின. எட்டில் எழுத்து, ஒன்றும் பூஜ்யமுமாக; ஒன்பதாவது சரிபார்ப்பதற்கு. குறுக்கே எண்ணினால் ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக வர வேண்டும். ஒரு தடம் மட்டும் அழிந்திருந்தால், எந்தத் தடம் என்று தெரிந்தால் போதும், மற்ற எட்டையும் வைத்து அதில் இருந்ததைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். தண்ணீர் ஓரத் தடத்தைத் தின்றிருந்தது. அதை மீட்கும் புரோகிராமை அய்யாவு எழுதி முடித்திருந்தார். பிழையில்லாத வேலை. ஆனால் அறுபத்தொரு இடங்களில் அடுத்த தடமும் சேர்ந்து விழுந்தது. இரண்டு போனால் கணக்கு நிற்காது.

டேப்பை ஓடவிட்டுப் பார்த்ததும் ரமணிக்குப் புரிந்தது. இரண்டாவது தடம் அழியவில்லை. மெலிந்திருக்கிறது. ஓர் அளவுக்குக் கீழே வரும் துடிப்பை இயந்திரம் வெறும் இரைச்சல் என்று தள்ளிவிடும். அந்த அளவைக் குறைக்கச் சிறு திருகாணி ஒன்று உள்ளே இருக்கிறது. தினமும் அவள் திருகுவதுதான்.

"இதுக்கா இவ்ளோ யோசிச்சீங்க?" என்று வெறும் அறையில் சொன்னாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கால் திருகு. அறுபத்தொன்று இருபத்திரண்டானது. இன்னும் கொஞ்சம். ஒன்பது. இன்னும் ஒரு மயிரிழை, பதினான்கு. இரைச்சலையும் எழுத்தென்று எடுக்கத் தொடங்கிவிட்டது. பின்னால் திருப்பினாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் படிக்கும் முனையில் பழுப்புத் தூள் படிந்தது. எழுத்தைத் தாங்கியிருக்கும் பூச்சு அது. படிக்கப் படிக்க டேப் உதிர்ந்துகொண்டிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். மறுபடி ஓட்டினாள். ஐந்து முறை படித்து, மூன்று முறையாவது ஒன்றுபோல வந்ததை மட்டும் ஏற்றுக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு லோரிக்காரர் படியேறி வந்தார்.

"முடிஞ்சிச்சா அக்கா? நம்ம ஷா ஆலம் வேற போகணும்லா."

"கால் மணி நேரம் பாஸ்."

"பன்னண்டுன்னுதான் சொன்னாங்க..."

"எங்க அண்ணன் வேலை இது. அவர இன்னிக்கு எடுக்கறோம்."

லோரிக்காரர் தொப்பியைக் கழற்றினார். படியில் போய் உட்கார்ந்தார்.

மூன்று பதிவுகள் மட்டும் வரவில்லை. இருநூற்று முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. அந்த இடத்தில் டேப் மடிந்து பூச்சே போயிருந்தது. இன்னொரு முறை ஓட்ட விரல் பொத்தான்வரை போனது. இல்லாததைத் திருகாணி கொண்டுவராது. அவள் கையை எடுத்தாள். பிரிண்டரை முடுக்கினாள்.

கிள்ளான் வீட்டுக்கு அவள் திரும்பியபோது ஒன்றே கால். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைத் தாண்டி அண்ணியின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"நானூத்தி ஒம்பது அண்ணி. மூணு போயிருச்சி."

"எந்த நம்பர்?"

சொன்னாள். சந்திரகலா கண்களை மூடினாள். "மேரு. சின்னையா இருக்கற தோட்டம். பின்வரிசை லயத்து வீடுங்க. பேரு ஞாபகம் வரல ரமணி. நாந்தான் அடிச்சேன், ஞாபகம் வரல."

வாசலில் சின்னையா பட்டியலை வாங்கவில்லை. கை ஈரம் என்றார். ரமணி விரலால் காட்டிய இடத்தில் தன் பெயரைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. இருந்தும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பின்வரிசைல மூணு பேரு விட்டுப்போச்சு அங்கிள். யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்னா தங்கச்சி. தம்பியத் தூக்கி வெச்சிட்டுப் போறேன். அவங்க யாரும் எங்கயும் போயிட மாட்டாங்க."

தோள் கொடுத்த நான்கு பேரில் அவரும் ஒருவர். சுடுகாட்டிலிருந்து வந்த கையோடு சைக்கிளில் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

ஆறரை மணி வெளிச்சத்தில், கழுவிவிட்ட வாசலுக்கு வெளியே நான்கு பேர் நின்றார்கள். சின்னையா, இரண்டு ஆண்கள், ஒரு வயதான பெண். துக்க வீட்டுக்குள் இந்த நேரத்தில் வரலாமா என்று தெரியாமல் கேட்டருகே தயங்கினார்கள்.

"யாரு இந்நேரத்துல?" என்று ரெங்கசாமி எழுந்தார். அதற்குள் சந்திரகலா வந்துவிட்டாள். தலை இன்னும் காயவில்லை. கையில் பேனாவும் தாளும் இருந்தன. ரெங்கசாமி அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டார்.

"உக்காருங்க. பேரு, பொறந்த எடம், சாட்சி எல்லாம் ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நாளைக்குக் காலைல ரமணி கொண்டுபோய்க் குடுத்துருவா."

ஆண்கள் இருவரும் சொன்னார்கள். கடைசியாக அந்தப் பெண்.

"வீரம்மா."

"இங்கிலீஷ் எழுத்துல எழுதறப்ப ஒரு 'ஈ'யா, ரெண்டு 'ஈ'யா?"

வீரம்மாவுக்குத் தெரியவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிவப்பு ஐசியை எடுத்து நீட்டினாள். சந்திரகலா அதை விளக்குப் பக்கம் சாய்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினாள். எழுதி முடித்ததும் கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாளிலிருந்து மட்டும் முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் வீரம்மா தலையாட்டினாள்.