முன்பெஞ்சு பார்க்கப் போன ஹர்த்தால்

என் தம்பி சுனில்குமார் பள்ளிக்கூட மதில் சாடிக் குதித்து மாட்னி பார்க்கப் போனான், பிடிபட்டான். ஊரில் மதில் சாடாத பையன் எவன்? ஆனால் எங்கள் அப்பா காந்திமதிநாதன் தாலுக்கா ஆபீஸ் கிளார்க். எதையும் மேல்நடவடிக்கைக்கு அனுப்பாமல் அவரால் இருக்க முடியாது. அடுத்த ஜூனில் அம்பூரிக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் அவனைச் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

"அங்க மணியடிச்சாத்தான் சோறு. மணியடிச்சாத்தான் ஒறக்கம். மதில் சாடினா காடாக்கும்," என்றார்.

சுனி சரியாகச் சாப்பிடவில்லை. அவன் போய்விட்டால் வீட்டில் திட்டு வாங்க நான் ஒருத்திதான் மிச்சம். அதைவிட, அவன் இல்லாத வீட்டை நினைத்தால் அழுகை வந்தது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்காருவான்.

போதாக்குறைக்கு, அப்பாவும் அம்மாவும் படித்த கல்லூரிக்கு எங்களை அழைத்துப்போய், தான் உட்கார்ந்த முன்பெஞ்சைக் காட்ட வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியது. "மூணு வருஷம். ஒரு கிளாஸ் விட்டது கிடையாது. ஒங்க அம்மைய நான் கண்டதே லைப்ரரியிலயாக்கும்," என்பார். அம்மா சொர்ணம்மாள் அப்போதெல்லாம் தேங்காய் துருவுவதில் ரொம்பக் கவனமாக இருப்பாள்.

கல்லூரி மார்த்தாண்டம் தாண்டி, தமிழ்நாட்டில். போக நாள் வேண்டுமே? கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் குன்னத்துகாலில் அதற்கு ஒரு வழி உண்டு. பந்த் கூடாது என்று கோர்ட் சொன்னபிறகு, அதே பந்துக்கு ஹர்த்தால் என்று பேர் மாற்றி நடத்திக்கொண்டிருந்த காலம் அது. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். பளுகல் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் கடை, பஸ், சினிமா எல்லாம் உண்டு. கல்யாணத்துக்குத் துணி எடுப்பதைக்கூட ஹர்த்தால் வரட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் நாங்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஒன்று வந்தது. அப்பா சித்தப்பாவின் மாருதி வேனை வாங்கி வந்தார்.

பளுகல் போய்ச் சேரும்வரைதான் கண்டம். அதற்காக அப்பா கண்ணாடியில் 'ஆஸ்பத்திரி' என்று மலையாளத்தில் எழுதி ஒட்டினார். அம்மாவைப் பின்சீட்டில் படுக்கச் சொன்னார்.

"கொஞ்சம் முனங்கணும், கேட்டியா."

"பட்டுச்சேலை கட்டிட்டா முனங்குவாவ?" என்றாள் அம்மா.

"போர்வைய இழுத்து மூடு."

வழியில் கொடியோடு நாலைந்து பேர் மறித்தார்கள். "எந்து பற்றி சேட்டா?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டு, ஒருவன் தலையை உள்ளே விட்டான். சுனி "அப்பெண்டிக்ஸ்" என்றான். அதே நேரத்தில் நான் "பிரசவம்" என்றேன். அம்மா இரண்டுக்கும் பொதுவாக ஒரு முனகல் முனங்கினாள். பயந்துபோய் வழிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் காட்டப் போகிற பயணம் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி வாசலில் பெரிய பூட்டு. உள்ளே நாற்காலி போட்டு வாட்ச்மேன் நேசையன் உட்கார்ந்திருந்தார்.

"இண்ணைக்கு லீவு சாரே. கோட்டாற்றுத் திருநாளு. ஜில்லா முழுக்க லீவாக்கும்."

அப்பா கேரளத்து ஹர்த்தாலைப் பார்த்தார், தமிழ்நாட்டுக் காலண்டரைப் பார்க்கவில்லை. எல்லைக்காரன் புத்தி அது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறந்துதான் இருக்கும் என்று நம்புவோம்.

"நாங்க ரெண்டுவேரும் இஞ்ச படிச்சவங்க. பிள்ளையளுக்கு ஒரு பெஞ்சக் காட்டிட்டு வந்திருவோம்."

"பெஞ்சுக்கும் லீவுதான் சாரே. பிரின்சிப்பால் அறிஞ்சா என் வேலை போவும்."

"வெளியே சுத்தியாவது பாப்போம்," என்று அப்பா மதிலை ஒட்டி நடந்தார். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ரப்பர் மரங்கள். நேரம் தவறாமையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், கல்லூரியின் பின்பக்கம் ஒரு பலாமரத்தடியில் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். குனிந்து பார்க்காமலே வலது கால் பலாவேரில் போய் நின்றது. கை மேலே போய், மதிலில் கல் பெயர்ந்த ஒரு குழியைச் சரியாகப் பிடித்தது.

சுனி என்னைப் பார்த்தான். நான் சுனியைப் பார்த்தேன்.

"சும்மா எட்டிப் பாக்கியேன்," என்றார் அப்பா, மதிலுக்கு மேலிருந்து.

எட்டிப் பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். அதோடு சரி. காலுக்குப் பழைய வழி தெரிந்திருந்தது. தொப்பையோ தாலுக்கா ஆபீசில் வளர்ந்தது. அந்தப் பக்கமும் இறங்க முடியவில்லை, இந்தப் பக்கமும் முடியவில்லை.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணைக்கும் இதே மாதிரித்தான்!"

"எண்ணைக்கு, அம்மா?" என்றேன்.

"ஒங்க அப்பாவ முதல்ல கண்ட அண்ணைக்கு. நான் சாடி இறங்கியாச்சு. திரும்பிப் பாத்தா மேல ஒருத்தரு, இறங்கத் தெரியாம முழிச்சிட்டு இருக்காரு. எனக்கு மாட்னிக்கு நேரமாச்சு. இருந்தாலும் பாவம் எண்ணு காலைப் பிடிச்சு இறக்கி விட்டேன்."

"சொர்ணம்!" என்று அலறினார் அப்பா.

"அப்ப லைப்ரரி?" என்றான் சுனி.

"அது கல்யாணம் பேசும்போ பெரியவங்களுக்குச் சொன்ன கதையாக்கும்."

உள்ளேயிருந்து விசில் கேட்டது. "ஆரு ஓய் அது மதிலுக்கு மேல?" நேசையன் வந்துகொண்டிருந்தார்.

"எலே சுனி, தோளக் குடுலே!" என்றார் அப்பா. அந்த மடையன் உடனே ஓடிப்போய் மதிலடியில் குனிந்தான். மலைக்கு அனுப்பப் போகிற அப்பாவுக்கு, ஒரு வார்த்தை கேட்காமல், இலவசமாகத் தோள்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"அப்பா, ஹாஸ்டல் உண்டா, இல்லியா?"

"மக்கா, அது வீட்டுல போயி..."

விசில் இன்னும் பக்கத்தில் வந்தது.

"உண்டா, இல்லியா?"

அப்பா பரிதாபமாக அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வதில் ரொம்பக் கவனமாக இருந்தாள்.

"இல்ல! சாமி சத்தியமா இல்ல!"

காலரை விட்டேன். அப்பா சுனியின் தோளில் இறங்க, இரண்டு பேரும் சருகில் உருண்டார்கள். எழுந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினோம். எல்லோருக்கும் முன்னால், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலையில் அப்பெண்டிக்ஸும் பிரசவமும் கண்ட அம்மா ஓடினாள். நான் அப்பாவின் செருப்போடு கடைசியில்.

ஹர்த்தால் முடிய மாலையாகும். அதுவரை ஊருக்குத் திரும்ப முடியாது. மார்த்தாண்டத்தில் மாட்னி ஒன்று இருப்பதாக அம்மாதான் சொன்னாள். தியேட்டர் இருட்டில் அப்பா கணுக்காலைத் தடவினார். பிறகு சுனியின் பக்கம் சாய்ந்தார்.

"எலே, பள்ளிக்கூடத்துல எந்தப் பக்கத்து மதில சாடின?"

"முன்பக்கம் அப்பா. கேட்டுக்குப் பக்கத்துல."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டுக்குப் பக்கத்துல எவனாவது சாடுவானாலே? பின்னால மரம் ஒண்ணும் இல்லியா?"