யாருமில்லாத இலை

"ஒண்ணு" என்றார் பிச்சை.

மரக்காலில் குவிந்திருந்த கடலையை உள்ளங்கையால் வழித்துவிட்டுச் சாக்கில் கவிழ்த்தார். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்த அருளம்மாள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். பாதிக் கடலை தரையில் சிதறியது.

"என்னாய்யா ஒண்ணு? ஊரு ஒலகத்துல மொத மரக்கால ஒண்ணுன்னு சொல்லி அளக்குறவன் எவனாச்சும் இருக்கானா? லாபம்னு சொல்லு. லாபம், ரெண்டு, மூணுன்னு போ."

"எப்புடிச் சொன்னாலும் அதே கடலதான் ஆத்தா."

"லாபம்னு சொன்னா ஒன் வாயிலேருந்து முத்து உதுந்துருமா? அளந்த வீட்டுல எல்லாம் வெளங்காமப் போகுதுன்னு ஒன்னையக் கூப்புடுறதயே விட்டுட்டாக. பாவமேன்னு நான் ஒருத்தி கூப்புட்டேன். என் தலையெழுத்து."

பிச்சை சிதறிய கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மரக்காலில் போட்டார். ஒரு காலத்தில் ஆவூரைச் சுற்றிப் பத்துக் களங்களுக்கு அவர்தான் அளவுகாரர். அவர் குரல் எடுத்து "லாபம்" என்று இழுத்தால் அடுத்த தெரு வரை கேட்கும். இப்போது அறுபது வயதுக் குரல் மெலிந்து, சொல்ல விருப்பமில்லாதவர் போல, மறுபடியும் "ஒண்ணு" என்றது.

எதிர் வீட்டு ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருந்த சந்தனராஜ் நிமிர்ந்து பார்த்தான். பேனா முனையில் மை காய்ந்திருந்தது.

அவன் அந்த ஊர் மிஷன் பள்ளியில் வாத்தியார். பாதிரியாராவதற்குப் படிக்கப் போய், பாதியில் குருமடத்தை விட்டு வந்தவன். அங்கே கற்ற கிரேக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. திருச்சியில் பாடம் சொல்லும் பாதிரியார் ஒருவர், இங்கிலீஷ் தடுமாறும் புதுப் பையன்களுக்காகத் தமிழிலேயே ஒரு கிரேக்க இலக்கணம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார். ஆரம்பப் பாடங்கள் போதும். சந்தனராஜ் இலுப்பூருக்கு சைக்கிள் மிதித்துப் போய் நல்ல தாளாக இரண்டு தஸ்தா வாங்கிவந்து உற்சாகமாகத் தொடங்கினான். எட்டுப் பாடங்கள் ஓடின. ஒன்பதாவது, எண்கள். அதில் ஐந்து மாதமாக நின்றுவிட்டான்.

பாடம் கஷ்டமானது இல்லை. சொல்லப்போனால் தமிழ்ப் பையன்களுக்கு இது சுலபம். ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று நாம் ஆள் பார்த்துச் சொல்வதுபோலவே கிரேக்கத்திலும் ஒன்று என்ற எண்ணுக்கு மூன்று உருவம். ஆண்பாலுக்கு ஹெய்ஸ், பெண்பாலுக்கு மியா, இரண்டிலும் சேராததற்கு ஹென். மூன்றும் நான்கும்கூட அப்படிக் கொஞ்சம் மாறும். ஐந்து முதல் நூறு வரை யாரை எண்ணினாலும் ஒரே உருவம்தான். இவ்வளவையும் அழகாக எழுதிவிட்டான். பயிற்சிக்கு வாக்கியம் எழுத வரும்போதுதான் கை நிற்கும். "ஒரு குழந்தை" என்று எழுதுவான். கிரேக்கத்தில் குழந்தை ஆணுமில்லை, பெண்ணுமில்லை. ஹென் போட வேண்டும். போடுவான். அதன்பின் அவன் நினைக்காமலே பேனா எழுதும்: "ஒரு குழந்தை வரவில்லை."

தாளைக் கிழித்துப் போடுவான். மறுநாளும் அதே வாக்கியம் வரும்.

அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன், ஐம்பத்திரண்டு புயலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது காணாமல் போனது. கண்மாய்க்கரையில் இருந்த கீற்றுக் கொட்டகையில் பிள்ளைகள் ஞானோபதேசம் படிக்கக் கூடியிருந்தபோது கரை கசியத் தொடங்கியது. கொட்டகைக்கும் மிஷன் கோவிலுக்கும் நடுவே, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக் கயிற்றைக் கட்டினார்கள். ஒரு முனையில் பிச்சை, மறுமுனையில் கோவில் வாசல் தூணைப் பற்றிக்கொண்டு சந்தனராஜ். "பன்னெண்டு பிள்ளைக இருக்கு! ஒவ்வொண்ணா விடுறேன்!" என்று பிச்சை கத்தினார். நாலு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத மழை. பாதி வழியிலேயே தாய்மார்கள் ஓடிவந்து பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு பக்கத்து வாசல்களில் நுழைந்தார்கள். நம்புவதற்கு இருந்தது, ஒவ்வொரு பிள்ளையையும் விடும்போது எண்ணிச் சொல்லும் பிச்சையின் குரல் மட்டுமே. காற்று ஏறியதும் சொல் கேட்கவில்லை, சத்தம்தான் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சந்தனராஜ் சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்தான்.

சத்தம் நின்றபோது பதினோரு கோடுகள் இருந்தன.

உள்ளே ஓடித் தலைகளை எண்ணப் பார்த்தான். அருளம்மாள் குறுக்கே விழுந்து தடுத்தாள். "தப்பிச்சு வந்த பிள்ளைகள எண்ணாதீங்க சார், கண்ணு பட்டுரும்!" அவன் வெளியே வந்து கத்தினான்: "ஒரு பிள்ளை குறையுது!"

கயிற்றின் நடுவில் நின்றிருந்த செவந்திதான் அதைக் கேட்டது. பிச்சையின் மகள். பத்தொன்பது வயது, தை மாதம் கல்யாணம். "நான் பாக்குறேன்" என்று கொட்டகைப் பக்கம் திரும்பினாள். அப்பனைத் தாண்டி உள்ளே போனாள். கரை உடைந்தது அப்போதுதான்.

பிச்சையைக் கயிறு காப்பாற்றியது. செவந்தியை இரண்டு நாள் கழித்துக் கருவேல மரங்களுக்கிடையே எடுத்தார்கள். குழந்தை கிடைக்கவே இல்லை. ஊரில் எந்த வீட்டிலும் பிள்ளை குறையவும் இல்லை. அப்படியானால் அது யாரோ வழிப்போக்கர் பிள்ளை, மழைக்கு ஒதுங்கியது என்று ஊர் முடிவு கட்டியது. அத்தனை படித்த வாத்தியார் பதினொன்று வரை எண்ணுவதில் தவறுவாரா? வருஷா வருஷம் அந்த நாளில் பிச்சை தன் செலவில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவார். வேறு சாமி கும்பிடுகிறவர் என்றாலும் கோவில் வளாகத்தில்தான் பந்தி. வரிசையின் முதலில் ஓர் இலை காலியாக இருக்கும். அது பேரில்லாத பிள்ளைக்கு. கண்ணாமூச்சி ஆடும்போது இடிந்த கொட்டகைக்குள் மட்டும் பிள்ளைகள் ஒளிவதில்லை. ஏன் என்று சந்தனராஜ் ஒருமுறை கேட்டான்.

"அங்க ஏற்கெனவே ஒரு ஆளு ஒளிஞ்சிருக்கு சார்" என்றாள் ஒரு சிறுமி.

கடலை அளந்த அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்தான். மனைவி மரிய செல்வி குழம்பை ஊற்றியபடி சிரித்தாள்.

"அருளம்மாக்கா போட்ட சத்தத்தக் கேட்டீங்களா? பாவம் அந்த மனுசன். ஒத்தச் சொல்ல விட்டதுக்குப் பொழப்பே போச்சு."

"எப்பலேருந்து விட்டாரு?"

"செவந்தி போனதுலேருந்துதான். மொத ரெண்டு தடவ நானே கேட்ருக்கேன். லாபம்னு வாயெடுப்பாரு, தொண்ட அடச்சுக்கும். அப்பறம் ஒண்ணுன்னே ஆரம்பிச்சுட்டாரு. ஏங்க, ஏன் சோத்தப் பாத்துக்கிட்டே இருக்கீங்க?"

அவன் சோற்றைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் சத்தம். காற்று அப்போது அவ்வளவு ஏறவில்லை. முதல் சத்தம் மட்டும் சொல்லாகவே கேட்டது. கண்மாய்க்கரையிலிருந்து, களத்தில் கேட்கும் அதே இழுவையில், "லாபம்!" பயத்தில் இருப்பவன் வாயில் பழகிய சொல்தானே வரும். சந்தனராஜ் கரியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றான். சாமி பேரைச் சொல்லிக் கயிற்றைப் பிடிப்பதுபோல அது தொடக்கத்துக்கான கூவல் என்று அவன் எண்ணினான். களத்தில் ஒருநாளும் நின்றவனில்லை, லாபம் என்றால் ஒன்று என்று அறிந்தவனுமில்லை. பன்னிரண்டு வயதில் குருமடம் போனவன், அவன் அப்பா தாலுகாக் கச்சேரி குமாஸ்தா. ஒன்று என்ற சொல்லுக்காக அவன் காத்திருந்தான். அடுத்த சத்தத்துக்குத்தான் முதல் கோடு விழுந்தது.

எழுந்து கை கழுவினான். புதுத் தாளை எடுத்து, அன்று கொட்டகையில் இருந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதத் தொடங்கினான். ஆறு வருஷமாக யாரும் செய்யாத வேலை. ஒரு பெயரில் சந்தேகம் வந்தால் மரிய செல்வி சொன்னாள். சூசைமாணிக்கத்தின் மூத்தவன். ஞானமணி. முனியாயி பேத்தி. உடையப்பன் மகள்கள் இருவர். எழுதி முடித்து எண்ணினான். மறுபடி எண்ணினான்.

பன்னிரண்டு. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். மூன்று பேர் அவன் வகுப்பிலேயே படித்தார்கள்.

யாரும் குறையவில்லை. கிரேக்கத்தில் ஒருவருமில்லை என்பதற்கு ஒரு சொல் உண்டு, ஊதெய்ஸ். அதற்குள்ளும் ஹெய்ஸ் என்ற ஒன்று இருக்கிறது. தமிழிலும் அப்படித்தான், ஒருவர் என்று சொல்லிவிட்டுத்தான் இல்லை என்கிறோம். அந்த இல்லாத ஒருவரைத் தேடிக்கொண்டுதான் செவந்தி உள்ளே போனாள்.

அதன்பின் கார்த்திகை பாதி வரை அவனுக்கு நிம்மதியில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பட்டியல் முடிந்த பிறகும் இன்னொரு "உள்ளேன் ஐயா" கேட்கும் என்று காது காத்திருந்தது. பிச்சையிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் தன் மனம் ஆறும். ஆனால் அது, அந்த மனிதர் ஆறு வருஷமாகக் கையில் பிடித்திருக்கும் ஒரு பிள்ளையை அவரிடமிருந்து பிடுங்குவதாகும். மகள் எதற்காகப் போனாள் என்ற கேள்விக்கு அவரிடம் இருக்கும் ஒரே பதில் அது.

பந்தி நாள் காலையில் போனான். பிச்சை கோவில் கிணற்றடியில் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தார்.

"பிச்சையண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க வாத்தியாரய்யா. அந்த எலையத் தள்ளிட்டு ஒக்காருங்க, ஈரம்."

சந்தனராஜ் உட்காரவில்லை. பிச்சை ஓர் இலையை உதறி நீரை வடித்தார். நிமிராமலே கேட்டார்.

"அன்னிக்குச் சொவத்துல எத்தன கோடு போட்டீங்க?"

"பதினொண்ணு."

"நான் பன்னெண்டு பிள்ளைய விட்டேன். கடைசிப் பிள்ளைய கயித்துல ஏத்திட்டு, கொட்டக காலின்னு பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன். செவந்தி ஓடி வந்தா. உள்ள யாருமில்லம்மான்னு சொன்னேன். சாருக்குத் தெரியாதா அப்பான்னா. சாரு படிச்சவுக, எனக்கே சந்தேகமாப் போச்சு. அவ கைய விட்டுட்டேன்."

கிணற்றுக்குள் ஓர் இலைக் கிழிசல் மெல்லச் சுற்றியது.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"சொவத்துக் கோட்ட மறுநாளே வந்து எண்ணிட்டேன்ய்யா. மொத சத்தத்துக்குக் கோடே இல்ல. எந்தச் சத்தம்னு எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா நான் சொல்ற சொல்லு."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல? என்னையத் திட்டியிருக்கலாமே? அடிச்சிருக்கலாமே?"

"அடிக்கிறதுக்குத்தான் வந்தேன். ஒங்க வாசல் வரைக்கும் வந்தேன்." பிச்சை அடுத்த இலையை எடுத்தார். "சொன்னா ஊரு என்னா சொல்லும்? வாத்தியாரு கோடு போடலன்னு சொல்லும். இல்ல, பிச்சை வாயிதான் மகளக் கொன்னுச்சுன்னு சொல்லும். எது சொன்னாலும் எம்மக சும்மா செத்தவளா ஆயிருவா. இப்ப அப்புடி இல்ல பாருங்க. ஒரு பிள்ளைக்காகப் போனா."

பிச்சை கழுவிய இலைகளைச் சேர்த்து அடுக்கினார்.

"ஒங்களுக்குச் சொல்லணும்னு இருந்தா சொல்லுங்கய்யா. நான் வேணாங்கல. பொய்யத் தூக்கிக்கிட்டு நடக்குறது பாரந்தான். எலை போட்டபெறகு சொல்லுங்க. பிள்ளைக பசியோட இருக்கும்."

மத்தியானம் பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் சிலருக்கு மீசை அரும்பியிருந்தது. அவர்கள் இப்போது தண்ணீர் ஊற்றினார்கள். முதல் இலைக்கு முன்னால் ஆளில்லை. காற்றில் பறக்காமலிருக்க அருளம்மாள் அதன் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள்.

"செபத்தச் சொல்லுங்க சார், சோறு ஆறுது."

ஒவ்வொரு வருஷமும் அவன்தான் செபம் சொல்வான். எழுந்து நின்றான். மொத்த ஊரும் அவன் வாயைப் பார்த்தது. சோற்றுக் கூடையின் பக்கத்தில், கையில் அகப்பையுடன், பிச்சையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலோ மிரட்டலோ இல்லை. மரக்கால் நிரம்பட்டும் என்று காத்திருக்கும் அளவுகாரரின் பார்வை.

"செவந்திக்காக" என்றான் சந்தனராஜ். நிறுத்தினான். எங்கோ ஒரு பிள்ளை இருமியது. "செவந்திக்காகவும், அவள் தேடிப் போன பிள்ளைக்காகவும்..."

பொய்யில்லாத வாக்கியம். பிள்ளைகள் "ஆமென்" என்று ஒன்றாகக் கத்தி அதை முடித்துவைத்தார்கள்.

அவன் வரிசையின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தான். பிச்சை கூடையோடு வந்து ஆளில்லாத இலையின் முன் குனிந்தார். அகப்பை சோற்றில் இறங்கியது. அருளம்மாள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"லாபம்" என்றார் பிச்சை, கண்மாய்க்கரை வரை கேட்கும்படி.

இலையில் சோற்றின் ஆவி எழுந்தது. சந்தனராஜின் விரல், அவன் சொல்லாமலே, தன் காலடிப் புழுதியில் ஒரு கோடு இழுத்தது.